கருவி யார் வீட்டில் இருக்கிறது?

(படம் வரையும் மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'கணிப்பொறியும் காட்சிக் கலையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிசு. நான் பேசப்போவது சின்ன விஷயம். வாடகை வீடோ தொகுப்பு வீடோ, அதில் ஒரு மூலை. கையில் ஒரு இருபதாயிரம் ரூபாய். அதுவும் ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிற காசு. இதை வைத்துக்கொண்டு படம் போட, சுவரொட்டி செய்ய, புத்தக அட்டை செய்ய ஒரு கம்ப்யூட்டரை வீட்டில் எப்படி உட்கார வைப்பது? இவ்வளவுதான் பேச்சு.

இதைப் போய் ஒரு மேடையில பேசணுமா, கடையில கேட்டா சொல்லமாட்டாங்களான்னு கேட்கலாம். சொல்லுவாங்க. அவங்க எதை விற்கணுமோ அதைச் சொல்லுவாங்க. 'கிராபிக்ஸ் வேலையா? அப்போ ஒரு லட்சம் ஆகும்' என்பார்கள். அந்த ஒரு லட்சத்தைக் கேட்டதும் நம் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மாதத் தவணையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் பேசிவிடுவோம். நம் தெருக்களில் கைத்திறனுக்கு என்றைக்குக் குறைச்சல் இருந்தது? எங்க அப்பா சுவர் எழுதுறவர். தேர்தல் வந்தால் சின்னம், மற்ற நாளில் சிமெண்ட் விளம்பரம், கடைப் பெயர்ப் பலகை. ஒரு வாளி, நாலு பிரஷ், கொஞ்சம் வண்ணப்பொடி. மொத்தப் பட்டறையும் அவர் சைக்கிள் கேரியரில் அடங்கிவிடும். 2000க்குப் பிறகு ப்ளெக்ஸ் வந்தது. சில வருஷங்களில் அந்த வேலை போனது. ப்ளெக்ஸ் கைவேலையை ஒழித்துவிட்டது என்று நாம் பேசுகிறோம். இது பாதி உண்மை. ப்ளெக்ஸ் கடையில் விடியவிடிய உட்கார்ந்து டிசைன் செய்கிறவர்கள் யார்? அதே தெருப் பிள்ளைகள்தான். கை மாறவில்லை. கருவியின் சொந்தக்காரர் மாறிவிட்டார். பிரஷ் அப்பாவுடையது. கம்ப்யூட்டர் முதலாளியுடையது.

நானும் ஒரு ப்ளெக்ஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே போட்ட ஒரு படத்தின் மூலக் கோப்புகூட என்னிடம் கிடையாது. பென் டிரைவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலையை விட்டு வேறு இடத்துக்குப் போய், 'இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்க, காட்டும்மா' என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆறு வருஷ உழைப்பும் அந்தக் கடை ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. படம் போடத் தெரிந்தவர் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் வாய்தான். ஆகவே தோழர்களே, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது வசதிக்காக அல்ல. போட்ட படம் போட்டவரிடம் இருக்க வேண்டும் என்பதற்காக.

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் அகலம் 2,480 புள்ளி, உயரம் 3,508 புள்ளி. பெருக்கினால் சுமார் 87 லட்சம். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என்று 4 பைட். ஆக ஒரு அடுக்குக்கு, அதாவது லேயருக்கு, ஏறத்தாழ 35 எம்.பி. இருபது அடுக்கு போட்டாலும் 700 எம்.பி.தான். ஏ3 என்றால் இரண்டு மடங்கு, 1.4 ஜி.பி. அழித்துத் திரும்பிப் போகிற 'அன்டூ'வுக்கும் சேர்த்து இன்னொரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜி.பி. ரேம் உள்ள ஒரு சாதாரண மெஷினில் இது தாராளமாக ஓடும். சுவரொட்டி, அட்டைப்படம், காமிக்ஸ் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

'அக்கா, பத்துக்கு எட்டு பேனர்?' அதையும் பாருங்கள். 72 புள்ளி அடர்த்தியில் 8,640-க்கு 6,912. கிட்டத்தட்ட 6 கோடி புள்ளி, ஒரு அடுக்குக்கு 240 எம்.பி. ஆனால் பேனரை யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை, இருபதடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். பாதி அடர்த்தியில் போட்டால் நாலில் ஒரு பங்காகி 60 எம்.பி.க்கு வந்துவிடும். எழுத்தையும் கோட்டோவியத்தையும் வெக்டாரில் செய்தால் இந்தக் கணக்கே வேண்டாம். அதில் புள்ளி கிடையாது. கோட்டின் வளைவைக் கணக்காகத்தான் எழுதி வைத்துக்கொள்கிறது. தபால் தலை அளவிலும் அடிக்கலாம், மதில் அளவிலும் அடிக்கலாம்.

இந்த வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. முப்பரிமாணப் படம், அனிமேஷன் என்று போகும்போது தேவைப்படும். அது பின்னால் வரட்டும். முதல் நாளே அதை வாங்க வைப்பதுதான் அந்த ஒரு லட்சக் கணக்கின் ரகசியம்.

எந்த மெஷினை வாங்குவது? புதிசு வேண்டாம். கம்பெனிகளில் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. சென்னையில் ரிச்சி தெரு உங்களுக்குத் தெரியும். மற்ற பெரிய ஊர்களிலும் இப்படிக் கடைகள் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போடுவதற்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இதனால் நல்ல நிலையில் இருக்கிற ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைக் 'காலாவதி' என்று ஒதுக்குகிறார்கள். மெஷின் கெட்டுப்போகவில்லை. கம்பெனி தன் வசதிக்கு ஒதுக்கியது. அதில் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஒருவர் வேண்டாம் என்று தள்ளியதை எடுத்துப் பழுதுபார்த்து ஓட்டுவது நமக்குப் புதிசா என்ன?

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் கண் முன்னாலேயே அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். காத்தாடி ஓலமிட்டால் வேண்டாம். இரண்டு, எல்லா யு.எஸ்.பி. துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். மூன்று, ரேம் போடுவதற்குக் காலித் துளை இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். நாலு, ஒரு மாதமாவது மாற்றித் தருவோம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். காசு கொடுக்கிறவர் நீங்கள்.

உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். பழைய மெஷினுக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு மாற்றம்தான். பழைய டிஸ்கில் தட்டு சுழல வேண்டும், முள் நகர்ந்து தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகருகிற பாகமே இல்லை. இரண்டு நிமிஷம் எடுத்த மெஷின் இருபது முப்பது விநாடியில் எழுந்து உட்காரும். கழற்றிய டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

2011-லிருந்து அரசு கொடுத்த மடிக்கணினி பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. 'பேட்டரி போச்சுக்கா' என்பார்கள். பேட்டரி போனாலும் பெரும்பாலும் சார்ஜரில் ஓடும். டிஸ்கை மாற்றி, ரேமைக் கூட்டிப் பாருங்கள். சின்ன அளவுப் படங்களுக்கு அது போதும். புதிதாக வாங்குவதற்கு முன்னால் பரணில் ஏறிப் பாருங்கள்.

2024-இல் எங்கள் பக்கத்துத் தெருத் தங்கை ஒருத்திக்காகக் கடை கடையாக ஏறி வாங்கியபோது ஆன செலவைச் சொல்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ-5, 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய ஆபீஸ் மெஷின் 9,000 ரூபாய். எஸ்.எஸ்.டி. 2,200. பழைய 22 அங்குலத் திரை 3,500. படம் போடுகிற பேனாப் பலகை 3,200. யு.பி.எஸ். 2,600. கீபோர்டும் மவுசும் 600. மொத்தம் 21,100 ரூபாய். விலை ஏறும், இறங்கும். 2025 கடைசியில் ரேம், எஸ்.எஸ்.டி. விலையெல்லாம் எகிறிவிட்டது. ஆனால் எதை முதலில் வாங்குவது என்ற வரிசை மாறாது. முதலில் மெஷினும் எஸ்.எஸ்.டி.யும். அடுத்தது பேனாப் பலகை. பிறகு நல்ல திரை. அதுவரைக்கும் யாரிடமாவது ஓசித் திரை கிடைக்கும். அந்தத் தங்கைக்கு இது சேர எட்டு மாதம் ஆனது. தவணை இல்லை, வட்டி இல்லை.

'போனிலேயே போட்டா பத்தாதா?' பத்தும், தொடங்குவதற்கு. இன்னும் சொல்லப்போனால் எல்லாவற்றிலும் மலிவான வழி இதுதான்: தாளில் கறுப்பு மையால் வரையுங்கள். காலை வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்துப் படம் எடுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெள்ளையை வெள்ளையாக்கி, கறுப்பைக் கறுப்பாக்கி, கோட்டுக்கு அடியில் ஒரு அடுக்கு வைத்து வண்ணம் போடுங்கள். ஒரு ரூபாய்த் தாள், பத்து ரூபாய்ப் பேனா. பேனாப் பலகை வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சில பேனாப் பலகைகளை ஒரு சின்ன இணைப்பான் வைத்து ஆண்ட்ராய்டு போனிலேயே செருகலாம். வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பேனாப் பலகை பற்றி ஒரு வார்த்தை. திரையுள்ளதை வாங்காதீர்கள், விலை பல மடங்கு. ஆறுக்கு நாலு அங்குலம் உள்ள சாதாரணப் பலகை போதும். பேனாவுக்கு பேட்டரி வேண்டாத வகையாகப் பாருங்கள். பெட்டிமேல் '8,192 அழுத்த நிலை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2,048 உள்ள பழைய பலகையிலும் கோடு நன்றாகவே வரும். அதைவிட லினக்ஸில் ஓடுமா, மாற்று முனை கூட வருகிறதா என்று கேளுங்கள். கை கீழே, கண் மேலே என்பது முதல் இரண்டு மூன்று வாரம் தடுமாறும். தினமும் அரை மணி நேரம் கோடும் வட்டமும் போட்டால் பழகிவிடும். சைக்கிள் பழகவில்லையா?

அடுத்தது மென்பொருள். இங்கேதான் அரசியல் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது.

போட்டோஷாப் 1990-இல் வந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் அந்தப் பதிப்பு நம்முடையது என்றுதான் முதலில் இருந்தது. 2013-இல் அடோபி நிறுவனம் இனிமேல் புதிய பதிப்புகள் சந்தா முறையில்தான் என்று அறிவித்தது. சந்தா கட்டாத மாதம் கதவு மூடிவிடும். உன் கை போட்ட படத்தை நீயே திறந்து திருத்துவதற்கு மாசாமாசம் வாடகை. குத்தகை நிலம் மாதிரி. உழுகிறவர் ஒருவர், ஓலை வைத்திருக்கிறவர் ஒருவர். 'அதான் கிராக் போட்டுக்கிறோமே' என்பீர்கள். அதுவும் அவர்கள் நிலத்தில் ராத்திரியில் பயந்துகொண்டு உழுவதுதான். கூடவே வைரஸும் வரும். ஒருநாள் திறக்காமல் போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

திருட வேண்டியதும் இல்லை, வாடகை கட்ட வேண்டியதும் இல்லை. நான்கு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணம் தீட்டுவதற்கு கிரிட்டா. புகைப்படத்தைத் திருத்துவதற்கு கிம்ப். வெக்டார், எழுத்து வேலைக்கு இங்க்ஸ்கேப். முப்பரிமாணத்துக்கும் அனிமேஷனுக்கும் பிளெண்டர். நான்கும் இலவசம், இலவசம் என்பதைவிட முக்கியம், நான்குமே பொதுச்சொத்து மாதிரி. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம். யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது.

இதன் வரலாறும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. கிம்ப்பைத் தொடங்கியவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள். 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தொடங்கினார்கள். பிளெண்டர் கதை இன்னும் பெரிசு. அதை வைத்திருந்த கம்பெனி 2002-இல் மூடிக்கொண்டது. அதை உருவாக்கிய டான் ரூசென்டால், முதலீட்டாளர்களிடமிருந்து மென்பொருளை மீட்டுப் பொதுவாக்குவதற்காக உலகம் முழுக்க நிதி திரட்டினார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. காசு கொடுத்து மீட்டு, அந்த வருஷம் அக்டோபரில் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அடகில் மூழ்கவிருந்த பொருளை ஊர் கூடி மீட்டது போலத்தான். அந்தப் பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பல பேர் உழைத்த படம் அது, ஒருவர் வீட்டு மூலையில் முடிந்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'இலவச மென்பொருளில் செஞ்சா தரம் இருக்காது' என்று இனிமேல் யாராவது சொன்னால் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லுங்கள். பிரான்சில் டேவிட் ரெவுவா என்ற ஓவியர் 2014-லிருந்து 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற காமிக்ஸைக் கிரிட்டாவிலேயே வரைந்து, மூலக் கோப்புகளையும் எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளக் கொடுக்கிறார். அவர் கோப்பைத் திறந்து அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அதுவே ஒரு பள்ளிக்கூடம்.

தமிழ் எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில மென்பொருளில், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கம் என்று சிதறும். அதனால்தான் கடைகளில் இன்னமும் ஆளுக்கொரு பழைய எழுத்துருவைக் கட்டி அழுகிறார்கள். ஒரு கடையில் அடித்தது அடுத்த கடையில் கிறுக்கலாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக நிற்கும். கட்டற்ற உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கவிவனார், தலைப்புக்குத் தடிமனாக பலூ தம்பி. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னால் எழுத்தைக் கோடாக மாற்றி பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். அப்புறம் எந்த மெஷினிலும் சிதறாது.

அச்சுக்கு இன்னொன்று. திரையில் தெரிகிற பளீர் நீலமும் பச்சையும் தாளில் அப்படியே வராது. திரை ஒளியைக் கலக்கிறது, அச்சு மையைக் கலக்கிறது. கிரிட்டாவில் சி.எம்.ஒய்.கே. முறையிலேயே வரையலாம். காசில்லாத இயக்கத்துக்கு இரண்டு வண்ணச் சுவரொட்டி போதும். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனி அடுக்கில் வெறும் கறுப்பாக வரைந்து, இரண்டு தனிப் பக்கமாகக் கொடுங்கள். ஆப்செட் ஆனாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் ஆனாலும் ஒன்றுக்கு ஒரு பிளேட், ஒரு மை. நாலு வண்ணச் செலவு கிடையாது. சிவப்பும் கறுப்பும், நீலமும் கறுப்பும் போட்ட சுவரொட்டிகள் தெருவில் எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மெஷின் வந்துவிட்டது. எங்கே வைப்பது?

தனி அறை, சுழல் நாற்காலி என்று படத்தில் காட்டுவதை மறந்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்தும் செய்யலாம். பேனாப் பலகையின் நன்மையே அதுதான், மடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும். நாலு செங்கல்லைத் துணியால் சுற்றி அடியில் வையுங்கள். குனிந்தே வேலை செய்தால் ரெண்டு வருஷத்தில் கழுத்து போய்விடும். கூலிக்கு உழைத்துப் போன முதுகுகளை நம் வீடுகளில் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. சன்னலும் விளக்கும் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் அடிக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபதடி தள்ளி ஒரு இருபது விநாடி பாருங்கள். பழைய திரை வாங்கும்போது ஐ.பி.எஸ். வகையா என்று கேளுங்கள். மலிவான மற்ற வகைகளில் தலையைச் சற்று மேலே கீழே அசைத்தாலே வண்ணம் மாறித் தெரியும்.

சுவரில் உள்ள மூன்று துளைப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் துளை இருக்கும், கம்பி இருக்காது. யு.பி.எஸ். பத்து நிமிஷம்தான் தாங்கும். அது வேலை செய்வதற்கல்ல, சேமித்து அணைப்பதற்கு. கிரிட்டாவில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். ஓட்டுவீடு, ஒழுகும் வீடு என்றால் மழைக்காலத்தில் மெஷினைத் தரையில் வைக்காதீர்கள்.

இடத்தைவிடப் பெரிய பிரச்சினை நேரம். இதை ஆண் தோழர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கணும். வீட்டில் கம்ப்யூட்டர் வந்ததும் அது அண்ணனுடையது ஆகிவிடுகிறது. அவன் படம் பார்ப்பான், விளையாடுவான். தங்கை பாத்திரம் கழுவி முடித்து வரும்போது மணி பத்தரை. 'கண்ணு கெட்டுப்போவும், போய்ப் படு' என்பார்கள். முதலாளியிடம் இருந்த கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை வீட்டுக்குள்ளேயே இன்னொரு முதலாளியிடம் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு? ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், ஆளுக்கொரு நேரம். சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவள் நேரத்தில் பாத்திரத்தை அவன் கழுவட்டும்.

தனியாக வாங்க முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். ஊரில் படிப்பகம் இருந்தால் அங்கே வையுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்த நேரம் உட்கார்ந்தார்கள், என்ன கெட்டது, யார் சரிசெய்தார்கள் என்று எழுதி வாருங்கள். பொதுப்பொருள் கெட்டுப்போவது பலபேர் தொடுவதால் அல்ல. பொறுப்பை யாரும் எழுதி வைக்காததால்.

கடைசியாக, நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம்: போட்ட படம் யாருடையது?

மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுக்குகளோடு இருக்கிற கோப்பு உங்களிடம் இருக்கட்டும். கேட்டவருக்கு பி.டி.எஃப். அல்லது படக்கோப்பு மட்டும் போகட்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி: ஒன்று மெஷினில், ஒன்று கழற்றி வைக்கச் சொன்னேனே அந்தப் பழைய டிஸ்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, தோழர் வீட்டில் ஒரு பென் டிரைவிலோ இணையத்திலோ. பழைய டிஸ்குக்கு ஒரு யு.எஸ்.பி. உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடு மாற்ற நேரலாம், வெள்ளம் வரலாம், வேறு ஏதும் வரலாம். நம் வீடுகளுக்கு என்னென்ன வரும் என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. வரலாற்றில் நம்மவர்கள் செய்ததெல்லாம் பெயரில்லாமல் போனது போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் அதே பிரிவில் விதிவிலக்குகள் உண்டு. வேலைக்காரராக இருந்து செய்தால் உரிமை பொதுவாக முதலாளிக்கு. இன்னொருவர் காசு கொடுத்துக் கேட்டு நீங்கள் வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை காசு கொடுத்தவருக்குப் போய்விடும். 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வேலையை ஒத்துக்கொள்ளும்போதே ஒரு வரி எழுதி, அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: இந்தப் படத்தை இந்த நூலின் அட்டைக்கு மட்டும் பயன்படுத்தலாம், உரிமை ஓவியருக்கே. உரிமையைக் கொடுத்த பிறகும்கூட, இது நான் வரைந்தது என்று கோருகிற உரிமையை 57ஆம் பிரிவு படைத்தவருக்கு விட்டு வைத்திருக்கிறது. உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். நம் இயக்க இதழ்களிடமும் கேளுங்கள், நாமும் பல நேரம் போடுவதில்லை.

'இப்போ சொன்னாலே ஏ.ஐ. படம் போட்டுக் குடுக்குதே, இதெல்லாம் எதுக்கு?' என்று ஒரு தம்பி காலையிலேயே கேட்டார். தம்பி, அது எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கில். யார் யார் வரைந்த படங்களைத் தின்று பழகியது? வரைந்தவர்களைக் கேட்டுவிட்டா தின்றது? நாளைக்கு அவர்கள் காசு கேட்டால், கதவை மூடினால், உன் கையில் என்ன இருக்கும்? பயன்படுத்தாதே என்று நான் உத்தரவு போடவில்லை. எந்தக் கருவி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: அது யார் வீட்டில் இருக்கிறது?

பேசியது போதும். மத்தியானம் பக்கத்து அறையில் மூன்று பழைய மெஷின்களை மூடி கழற்றி வைத்திருக்கிறோம். டிஸ்க் மாற்றுவது, ரேம் செருகுவது, லினக்ஸ் போடுவது எல்லாவற்றையும் நீங்களே உங்கள் கையால் செய்ய வேண்டும். நான் தொடமாட்டேன். ஸ்குரூ டிரைவர் நாலுதான் இருக்கிறது. முதலில் தங்கைகள் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுப் பரணில் அரசு மடிக்கணினி இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அதைத் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள்.